ஊதா இலைப் படர்செடி பர்ப்பிள் ஹார்ட்: தரைமூடியாகவும் தொங்கு தொட்டியிலும் வளர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டு நகரங்களில் சாலை நடுத்தடுப்புகளிலும் அடுக்ககங்களின் நுழைவாயில்களிலும், முழங்கால் உயரத்திற்கும் குறைவாக, அடர்ந்த ஊதா இலைகளோடு தரையை மூடிக் கிடக்கும் செடியைப் பலரும் பார்த்திருப்பார்கள். நர்சரிகளில் அதைப் பர்ப்பிள் ஹார்ட் என்று விற்கிறார்கள்; பழைய தோட்டக்காரர்கள் செட்கிரேசியா என்பார்கள். இன்றைய தாவரவியல் பெயர் டிரேடஸ்காந்தியா பாலிடா. மெக்சிகோவின் கிழக்குப் பகுதியில், வளைகுடாக் கரையை ஒட்டிய நிலங்களில் இயல்பாக வளரும் இச்செடி, நம் வயல் வரப்புகளில் மழைக்காலத்தில் நீலப் பூவோடு தலைகாட்டும் கானாவாழையின் குடும்பத்தைச் சேர்ந்தது. கணுக்கணுவான சதைப்பற்றுள்ள தண்டும், தரையைத் தொட்ட கணுவில் வேர்விடும் இயல்பும் இரண்டுக்கும் பொது.

இச்செடியைச் சாகாமல் காப்பதற்கு யாரும் பாடம் படிக்க வேண்டியதில்லை. ஒடிந்து விழுந்த துண்டுகூட ஈரம் பட்டால் துளிர்த்துவிடும். ஆனால் நட்ட ஆறேழு மாதங்களில் அடித்தண்டு மொட்டையாகி, இலைகள் சிறுத்துப் பச்சை கலந்து, நுனியில் மட்டும் நான்கு இலைகளோடு தொங்கும் செடிகளையே பெரும்பாலான வீடுகளில் காண முடிகிறது. எனவே இந்த வழிகாட்டி செடியைப் பிழைக்க வைப்பதைவிட அதை அடர்த்தியாகவும் நிறத்தோடும் வைத்திருப்பதையே முதன்மையாகக் கொள்கிறது. என் கணிப்பில் அதில் முக்கால் பங்கு வெளிச்சத்தையும், தண்டுகளை வெட்டிவிடும் கவாத்தையும் பொறுத்தது. மண், நீர், உரம் ஆகியவற்றைப் பலரும் பெரிதாக எண்ணினாலும் அவற்றின் பங்கு எஞ்சிய கால் பகுதிதான்.

சரியான செடியை அறிந்து வாங்குதல்

ஊதா இலைப் படர்செடி வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் நர்சரியில் மூன்று நான்கு வெவ்வேறு செடிகளைக் காட்டுவார்கள். அவற்றின் தேவைகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை என்பதால் வாங்கும்போதே வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது. பர்ப்பிள் ஹார்ட்டின் இலை கோடோ புள்ளியோ இல்லாமல் இருபுறமும் ஊதாவாக, ஏறத்தாழ 7 முதல் 15 செ.மீ. நீளத்தில், நடுவில் சற்றே மடிந்து, அடிப்பகுதி தண்டை உறையாகச் சுற்றித் தழுவியபடி இருக்கும். இலைகள் தண்டில் மாற்றி மாற்றி அமைந்திருக்கும். இளம் இலையில் மெல்லிய வெண்மையான பூச்சும் நுண்ணிய மயிர்களும் தெரியும்.

இலையின் மேற்புறத்தில் வெள்ளி நிறக் கோடுகள் ஓடினால் அது டிரேடஸ்காந்தியா ஜீப்ரினா. நெருங்கிய உறவுச் செடியானாலும் அது நிழலை விரும்புவது. சித்திரை வெயிலில் வைத்தால் வெளுத்துக் கருகும். இலைகள் எதிரெதிராக அமைந்து, ஓரங்கள் பல் பல்லாக வெட்டுண்டு, உலோகப் பளபளப்போடு இருந்தால் அது கேரளத்தில் முறிகூட்டி எனப்படும் ஹெமிகிராஃபிஸ். அதற்கு இடைவிடாத ஈரம் தேவை. மேலே பச்சையும் அடியில் ஊதாவுமான வாள் வடிவ இலைகள் கொத்தாக நிமிர்ந்து நின்றால் அது ரியோ; மேல்நிலை வகுப்பு உயிரியல் ஆய்வகத்தில் உப்புக் கரைசலில் செல் சுருங்குவதைக் காட்ட உரித்து வைப்பார்களே, அதே இலைதான். ரியோவும் டிரேடஸ்காந்தியா இனமே, ஆனால் அது படராது. இந்த வழிகாட்டியில் கூறப்படுபவை பர்ப்பிள் ஹார்ட்டுக்கு மட்டும் உரியவை.

நர்சரியில் செடியைத் தேர்ந்தெடுக்கும்போது உயரத்தைப் பார்க்காமல் அடியைப் பாருங்கள். மண்ணிலிருந்து நான்கைந்து தண்டுகள் எழும்பி, கணுக்களுக்கு இடையே உள்ள தூரம் குறைவாக இருக்கும் பையே நல்லது. நிழல்வலைக்குள் நீண்ட நாள் நின்ற செடி நெடுநெடுவென்று வளர்ந்து பெரிதாகத் தோன்றும். விலையும் சற்றுக் கூடுதலாகச் சொல்வார்கள். அதை வாங்கினாலும் வீட்டிற்கு வந்ததும் பாதிக்கு மேல் வெட்டவே வேண்டியிருக்கும். இலைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் பஞ்சு போன்ற மாவுப்பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பையைக் கையில் எடுக்க வேண்டும்.

வெளிச்சமே நிறம்

பர்ப்பிள் ஹார்ட்டின் இலையில் மற்றச் செடிகளைப் போலவே பச்சையம் இருக்கிறது. அதற்கு மேலே, இலையின் தோல் செல்களில் ஆந்தோசயனின் என்னும் ஊதா நிறமி நிறைந்து பச்சையை மறைக்கிறது. கடும் வெயிலிலிருந்து உள்ளிருக்கும் பச்சையத்தைக் காப்பதற்காகச் செடி உருவாக்கிக்கொள்ளும் திரை இது. வெயில் குறைந்தால் திரைக்குத் தேவையில்லை. செடி நிறமியைக் குறைத்துக்கொள்ளும், அடியிலுள்ள பச்சை வெளியே தெரியும். ஆகவே இலை பச்சையாகிவிட்டது என்று உரம் வைப்பது பயனற்றது. செய்ய வேண்டியது ஒன்றே: செடியை வெளிச்சத்திற்கு நகர்த்துவது.

முழு நிறம் வேண்டுமானால் நாள்தோறும் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் நேரடி வெயில் விழ வேண்டும். நான்கு மணி நேரத்தில் நிறம் ஓரளவு நிற்கும். மரத்தடி நிழலில் இலை சாம்பல் கலந்த பச்சையாகி, கணுவிடை நீண்டு, தண்டு வெளிச்சத்தை நோக்கிச் சாயும். நல்ல வேர்ப்பிடிப்பும் மண்ணில் ஈரமும் இருந்தால் மே மாத வெயிலையும் தரையில் நட்ட செடி தாங்கிவிடும். ஆனால் சிறிய தொட்டியில் இருக்கும் செடிக்கு, அதுவும் மொட்டைமாடியின் சூடான தரைமீது வைத்த தொட்டிக்கு, அக்னி நட்சத்திர நாட்களில் பிற்பகல் நிழல் கிடைத்தால் நல்லது. அங்கே செடியைச் சுடுவது இலைமீது விழும் வெயிலைக் காட்டிலும் தொட்டியின் பக்கவாட்டில் ஏறும் வெப்பம்தான்.

பால்கனியில் வளர்ப்பவர்கள் சூரியன் நகரும் திசையை ஓர் ஆண்டு முழுவதற்குமாகக் கணக்கில் கொள்ள வேண்டும். சென்னையில் ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. எஞ்சிய மாதங்களில் தெற்கே சாய்ந்து, டிசம்பரில் மிகவும் தாழ்ந்து செல்கிறது. அதனால் வடக்குப் பார்த்த பால்கனியில் ஜூன் மாதத்தில் செழித்து ஊதாவாக நின்ற செடி கார்த்திகையில் பச்சையாவது இயல்பே. தெற்குப் பால்கனியில் இதற்கு நேர்மாறாக, பனிக்காலத்தில்தான் நிறம் உச்சத்திற்கு வரும். கிழக்குப் பால்கனி ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் காலை வெயில் தருவதால், இடம் மாற்ற விரும்பாதவர்களுக்கு அதுவே ஏற்றது. மேற்குப் பால்கனியும் நல்லதுதான். நீர் மட்டும் சற்று அடிக்கடி தேவைப்படும்.

நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் உச்சி வெயிலுக்குக் கொண்டு போகக் கூடாது. முதலில் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, ஒரு வாரம் பத்து நாட்களில் படிப்படியாக முழு வெயிலுக்கு மாற்றுங்கள். பழைய பச்சை இலைகள் எல்லாம் முழுமையாக ஊதாவாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புதிதாக வரும் துளிர்களே நிறத்தைக் காட்டும். அதனால் இட மாற்றத்தோடு ஒரு கவாத்தையும் சேர்த்துச் செய்துவிடுவது காலத்தை மிச்சப்படுத்தும்.

தண்டுத் துண்டுகளில் வேர் பிடிக்க வைத்தல்

விதையை நாடவே தேவையில்லை. வெயிலில் நன்றாக நிறம் ஏறிய தண்டுகளிலிருந்து 10 முதல் 15 செ.மீ. நீளமுள்ள நுனித் துண்டுகளை, மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி, ஒரு கணுவிற்குச் சற்றுக் கீழே கூரான கத்தரியால் வெட்டிக்கொள்ளுங்கள். தண்டு மிகவும் நொறுங்கும் தன்மை உடையது என்பதால் கையாலும் ஒடிக்கலாம். ஆனால் ஒடித்த இடம் நசுங்கினால் அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். கீழ்ப் பகுதியிலுள்ள இரண்டு இலைகளை உறையோடு உரித்து நீக்க வேண்டும். உறையை விட்டுவைத்தால் மண்ணுக்குள் அது மட்கி ஈரத்தைப் பிடித்துத் தண்டையும் சேர்த்து அழுகச் செய்யும். நுனியில் பூங்கொத்து இருந்தால் அதைக் கிள்ளிவிடுங்கள்.

வெட்டிய துண்டுகளை நிழலில் சில மணி நேரம் உலர விட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகு நடுவது நல்லது. மழைக்காலத்தில் ஒரு நாள் முழுவதும் விட்டாலும் செடி வாடாது. இலையின் தோலுக்கு அடியில் நீரைச் சேமிக்கும் பெரிய செல்கள் உள்ளன. நடும்போது இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்க வேண்டும், ஏனெனில் வேர் கணுவிலிருந்தே வரும். வேரூக்கப் பொடி எதுவும் தேவையில்லை. ஈரமான, நீர் தேங்காத கலவையில், நேரடி வெயில் படாத வெளிச்சமான இடத்தில் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரங்களில் வேர் பிடித்துவிடும். தண்டை மெதுவாக மேலே இழுத்துப் பார்த்தால் எதிர்ப்பு தெரியும்.

கண்ணாடிக் குவளை நீரிலும் வேர்விடச் செய்யலாம். நீரை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை மாற்றி, வேர் 3 முதல் 5 செ.மீ. வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். அதிக நாள் நீரில் நின்ற வேர் மண்ணுக்குப் பழகத் தாமதமாகும். எப்படியும் மண்ணுக்குப் போகப் போகிற செடியை முதலிலேயே மண்ணில் நடுவதே என் விருப்பம்.

தரைமூடியாக நடும் முறை

தரைமூடியில் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் நடுவதற்கு முந்தைய வேலையை விட்டுவிடுவதுதான். நிலத்தில் கோரையும் அருகும் இருக்கும்போதே மேலே பர்ப்பிள் ஹார்ட்டை நட்டுவிட்டால், மூன்று மாதத்தில் ஊதாப் பரப்பின் நடுவே பச்சை ஈட்டிகளாகக் கோரை எழும்பி நிற்கும். அதைப் பிடுங்கப் போனால் கூடவே நொறுங்கும் தண்டுகளும் வரும், கிழங்கு மட்டும் உள்ளேயே தங்கிவிடும். ஆகவே முதலில் பாத்தியை 15 முதல் 20 செ.மீ. ஆழத்திற்குக் கொத்தி, கோரைக் கிழங்குகளையும் அருகம்புல்லின் நிலத்தடித் தண்டுகளையும் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும். பின்னர் ஒருமுறை நீர் பாய்ச்சி இரண்டு வாரங்கள் காத்திருந்தால், தப்பிய கிழங்குகள் முளைத்து வெளியே வரும். அவற்றையும் வேரோடு எடுங்கள். கோரை மண்டிய நிலமானால் இதை இன்னும் ஒருமுறை செய்வதும் வீண் இல்லை. இந்தக் காத்திருப்பைப் பொறுக்க முடியாதவர்கள் தரைமூடியை விட்டுவிட்டுத் தொட்டியில் வளர்ப்பதே நல்லது என்று சொல்வேன்.

மண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். செம்மண், மணற்பாங்கான கடற்கரை மண், கட்டட இடிபாடு கலந்த மண் என எதிலும் இச்செடி வளரும். நீர் தேங்கி நிற்கும் களிமண்தான் இதற்கு ஒவ்வாதது. கரிசல் மண்ணாக இருந்தால் பாத்தியைத் தரை மட்டத்திலிருந்து 10 செ.மீ. உயர்த்தி, மணலும் மட்கிய தொழு உரமும் கலந்துகொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று கிலோ தொழு உரம் போதும். மண் அளவுக்கு மேல் வளமானால் தழைச்சத்து கூடி, இலை பெரிதாகவும் தண்டு நெட்டையாகவும் போகும்.

நடும் பருவத்தைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழை பெறும் கடற்கரை மாவட்டங்களில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நட்டால், அக்டோபரில் பெருமழை தொடங்குவதற்குள் வேர் நன்றாக ஊன்றிவிடும். அந்தக் காலத்தைத் தவறவிட்டால் மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரியில் நடலாம். ஐப்பசி மழையின் நடுவே வேரில்லாத துண்டுகளை நேரே மண்ணில் செருகினால் பாதிக்குப் பாதி அழுகும். நீலகிரி, கொடைக்கானல் பகுதிகளில் கோடை தொடக்கமே ஏற்றது. அங்கு டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இடங்களில் மேல் தண்டுகள் கருகிவிடும், எனினும் வேர் உயிரோடிருந்து வெயில் ஏறியதும் மீண்டும் துளிர்ப்பது வழக்கம்.

இடைவெளி 25 முதல் 30 செ.மீ., அதாவது ஓர் அடி. வரிசைகளை ஒன்றுக்கொன்று விலக்கி முக்கோணமாக நடுங்கள். ஒரு குழியில் ஒற்றைத் துண்டு வைப்பதைவிட இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்தால் பரப்பு விரைவில் அடரும். பத்து அடி நீளமும் மூன்று அடி அகலமும் கொண்ட பாத்திக்கு ஏறத்தாழ 30 குழிகளும், குழிக்கு மூன்றாக 90 துண்டுகளும் தேவைப்படும். இவ்வளவையும் விலைக்கு வாங்குவது வீண் செலவு. நான்கைந்து நல்ல பைகளை வாங்கித் தொட்டியில் வளர்த்து, அவற்றிலிருந்து துண்டுகள் எடுத்து, அவை வளர்ந்ததும் மறுபடி வெட்டினால் ஒரு பருவத்திற்குள் இந்தப் பாத்தியை நிரப்பும் அளவுக்குச் செடி சேர்ந்துவிடும்.

நட்ட உடனே நன்றாக நீர் விட்டு, குழிகளுக்கு இடையில் காய்ந்த சருகையோ தென்னை நார்க்கழிவையோ இரண்டு விரற்கடை கனத்தில் மூடாக்காகப் பரப்புங்கள். மூடாக்கு தண்டை ஒட்டாமல் சற்று விலகியிருக்க வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் மேல்மண் காயாமல் பார்த்துக்கொண்டு, அதன் பிறகு நீரை மெல்லக் குறைக்கலாம். இரண்டிலிருந்து நான்கு மாதங்களில் பரப்பு மூடிக்கொள்ளும். அதுவரை வாரம் ஒருமுறை களை எடுப்பதைத் தவிர்க்க முடியாது. மூடிய பிறகு விழும் விதைகள் வெளிச்சமின்றிப் பெரும்பாலும் முளைப்பதில்லை.

எங்கே நடக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது மிதிபடும் புல் அன்று. குழந்தைகள் ஓடியாடும் இடத்திலும், நாயோ ஆடுமாடோ குறுக்கே நடக்கும் வழியிலும் தண்டுகள் நொறுங்கிச் சிதறும். செங்குத்தான சரிவில் மண்ணரிப்பைத் தடுக்க இதை மட்டும் நம்பவும் கூடாது, ஏனெனில் வேர்கள் மேல்மண்ணோடு நின்றுவிடுகின்றன. அங்கு வெட்டிவேர் வரிசையாக நட்டு, இடைவெளியை வேண்டுமானால் இதனால் நிரப்பலாம். நிறச் சேர்க்கையில் மஞ்சள் கலந்த பச்சை இலையுடைய டுராண்டாவின் முன்னால் பர்ப்பிள் ஹார்ட் மிக எடுப்பாகத் தெரியும். செங்கல் சுவரின் அடியிலோ கருங்கல் பதித்த தரையின் ஓரத்திலோ வைத்தால் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது காலியான மண்ணாகவே படும்.

தொட்டியிலும் வீட்டுக்குள்ளும்

தொங்கு தொட்டிக்கு எட்டு அங்குல அகலமே போதும். ஆழமான தொட்டி இதற்குக் கேடு. வேர் எட்டாத அடிமண் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கொண்டுவரும். அடியில் துளைகள் அடைபடாமல் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு என்ற கலவையை நிரப்புங்கள். ஆற்று மணல் கிடைக்காத இடத்தில் எம்-சாண்டைப் பயன்படுத்தலாம், ஆனால் அதிலுள்ள பாறைத் தூள் மண்ணின் துவாரங்களை அடைத்துவிடும் என்பதால் இரண்டு மூன்று முறை கழுவிய பிறகே சேர்க்க வேண்டும். தொட்டியின் கனம் குறைய வேண்டும் என்றால் செம்மண்ணில் பாதியைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவைச் சேர்க்கலாம். அப்போது நீரின் அளவையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு தொட்டியில் ஒரு செடி என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். எட்டு அங்குலத் தொட்டியில் ஐந்திலிருந்து ஏழு துண்டுகள் வரை, ஓரங்களில் நான்கைந்தும் நடுவில் ஒன்றிரண்டுமாக நட்டால்தான் தொட்டி நிறைந்து நாலா பக்கமும் வழியும். நடுவில் நடாமல் விட்டுவிட்டால் சில மாதங்களில் உச்சி வழுக்கையாகி, ஓரத்தில் மட்டும் தண்டுகள் தொங்கும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வைத்தால் எல்லாப் பக்கமும் வெளிச்சம் பெறும்.

வீட்டுக்குள் வைப்பதானால் சன்னலை ஒட்டிய இடம் தவிர வேறெங்கும் நிறம் நிற்காது. வரவேற்பறையின் நடுவிலுள்ள மேசையில், நமக்கு வெளிச்சமாகத் தெரிந்தாலும், செடிக்கு அது இருட்டே. சன்னலில் வெயில் விழாத வீடுகளில் செடிகளுக்கான எல்இடி விளக்கை ஓரடித் தூரத்தில் வைத்து நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரிய விடலாம். அல்லது இரண்டு தொட்டிகளை வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒன்றாக வெளியேயும் உள்ளேயும் மாற்றி வைக்கலாம்; செலவில்லாத இந்த வழியையே நான் பரிந்துரைப்பேன்.

இச்செடி வீட்டுக் காற்றைத் தூய்மையாக்கும் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. 2009இல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 28 அலங்காரச் செடிகளைச் சோதித்தபோது, காற்றிலுள்ள ஆவியாகும் கரிமச் சேர்மங்களை நன்கு அகற்றிய செடிகளுள் இதுவும் ஒன்றாக இருந்தது உண்மையே. ஆனால் அந்தச் சோதனை மூடிய கண்ணாடிக் கலன்களில் நடந்தது. சன்னல் திறந்திருக்கும் அறையில், காற்றோட்டம் செய்யும் வேலைக்கு முன்னால் ஒரு தொட்டியின் பங்கு மிகச் சிறிது. அழகுக்காக வாங்குங்கள்.

நீரும் உரமும்

தொட்டியின் மேல்மண்ணில் விரலை ஓர் அங்குலம் நுழைத்துப் பாருங்கள். உலர்ந்திருந்தால் அடித்துளையில் நீர் வடியும் வரை ஊற்றி, ஈரமாக இருந்தால் ஊற்றாமல் விடுங்கள். கோடையில் தொங்கு தொட்டிக்கு நாள்தோறும் தேவைப்படலாம், மார்கழியில் வாரம் இருமுறை போதும். வேர் ஊன்றிய தரைமூடிக்குக் கோடையில் வாரம் ஒருமுறையோ இருமுறையோ ஆழமாகப் பாய்ச்சினால் போதுமானது. இலை சற்றுச் சுருண்டு மடிவது தாகத்தின் அறிகுறி; நீர் பட்டதும் நிமிர்ந்துவிடும். தண்டு மென்மையாகிக் கருப்பது அளவுக்கு மீறிய ஈரத்தின் அறிகுறி, அது நிமிராது.

ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரை இலைமீது தெளித்தால் ஊதாவின் மேல் வெள்ளைத் திட்டுகள் படியும், துடைக்கப் போனால் இலையின் மெல்லிய பூச்சும் சேர்ந்து போகும். ஆகவே நீரை அடியிலேயே விடுங்கள். ஆர்ஓ கருவி கழித்துத் தள்ளும் நீரைச் சிக்கனம் கருதித் தொட்டிகளுக்கு ஊற்றுபவர்கள் உண்டு; மூல நீரைவிட அதில் உப்பு கூடுதலாக இருப்பதால் சில மாதங்களில் இலை நுனிகள் காய்ந்து பழுப்பாகும்.

உரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொட்டிக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம், தரைமூடிக்கு ஆண்டுக்கு இருமுறை கவாத்துக்குப் பிறகு மட்கிய தொழு உரத்தின் மெல்லிய அடுக்கு. யூரியா வேண்டவே வேண்டாம்.

கவாத்து

இச்செடி தானாக அடர்த்தியாகாது. ஒவ்வொரு தண்டும் நுனியிலேயே நீண்டுகொண்டு போய், பழைய இலைகளை அடியிலிருந்து உதிர்த்துக்கொண்டே வரும். நுனியை நீக்கினால்தான் கீழுள்ள கணுக்களிலிருந்து பக்கக் கிளைகள் பிறக்கும். எனவே புதிய செடியின் தண்டுகள் 15 செ.மீ. நீளம் எட்டியதும் நுனியை இரண்டு இலைகளோடு கிள்ளுங்கள். அதிலிருந்து வரும் கிளைகள் மீண்டும் அதே நீளத்தை அடைந்ததும் அவற்றையும் கிள்ளுங்கள். முதல் மூன்று நான்கு மாதங்களில் காட்டும் இந்தப் பொறுமையே பிற்காலத்தின் அடர்த்தியைத் தீர்மானிக்கிறது. தொங்கும் நீளத்திற்கு ஆசைப்பட்டு இதைத் தள்ளிப் போடுபவர்களின் தொட்டிதான் பிறகு நூலாக நீண்டு போகும்.

ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்த தை மாதத்தில், ஆழமான கவாத்து செய்ய வேண்டும். தரைமட்டத்திலிருந்து 5 முதல் 8 செ.மீ. விட்டு, ஒவ்வொரு குச்சியிலும் இரண்டு கணுக்களாவது எஞ்சும்படி, மேலுள்ள அனைத்தையும் வெட்டிவிடுங்கள். மூன்று வாரங்களுக்குப் பாத்தி அலங்கோலமாகத்தான் இருக்கும். பிறகு எழும்பும் துளிர்கள் நெருக்கமாகவும் ஆழ்ந்த நிறத்தோடும் வரும். முழுப் பாத்தியையும் ஒரே நாளில் மொட்டையாக்க மனம் வராதவர்கள் பாதியை இப்போதும் மறுபாதியை ஒரு மாதம் கழித்தும் வெட்டலாம். வெட்டிய நுனிகளில் நல்லவற்றை எடுத்து, இடைவெளி விழுந்த இடங்களில் உடனே நட்டுவிடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டிச் செடியை முழுவதுமாகக் கலைத்து, புதிய மண்ணில் புதிய துண்டுகளை நடுவது பழைய தண்டுகளைக் காப்பாற்றப் போராடுவதைவிட எளிது.

பூக்கள் சிறியவை: மூன்று இளஞ்சிவப்பு இதழ்கள், ஆறு மகரந்தத் தாள்கள். காலையில் விரிந்து பிற்பகலுக்குள் மூடிக்கொள்ளும், ஒரு பூவுக்கு ஒரு நாளே வாழ்வு. பிரேசிலின் சாவோ பாலோ நகரில் காற்று மாசை மதிப்பிடும் ஆய்வுகளுக்கு இச்செடியின் இளம் மொட்டுகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மாசு மிகுந்த இடத்தில், மகரந்தத்தை உருவாக்கும் தாய்ச் செல்களில் குரோமோசோம் சிதைவின் தடயங்கள் கூடுகின்றன. நமக்கோ பூவைவிட இலையே முக்கியம் என்பதால், பூத்து ஓய்ந்த நுனிகளைக் கிள்ளுவதில் தயங்க வேண்டாம். காய்ந்த பூங்கொத்துகள் ஈரத்தில் அழுகிப் பூஞ்சைக்கு இடம் தரும்.

பூச்சி, அழுகல்

முதன்மையான எதிரி மாவுப்பூச்சி. இலையுறைக்குள் புகுந்துகொள்வதால் தொடக்கத்தில் கண்ணில் படாது. தண்டில் எறும்புகள் ஏறி இறங்குவதைக் கண்டால் அங்கே தேடுங்கள். ஓரிரு தண்டுகளில் மட்டும் இருந்தால் அவற்றை வெட்டி எரித்துவிடுவதே சுருக்கமான வழி. பரவியிருந்தால் ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும், அது நீரில் கலப்பதற்காகச் சில துளி காதி சோப்புக் கரைசலும் சேர்த்து, மாலை வேளையில் இலையிடுக்குகளில் படும்படி வாரம் ஒருமுறையாக மூன்று வாரங்கள் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் எண்ணெய் இலையைச் சுட்டுவிடும். முதலில் ஒரு தண்டில் தெளித்து இரண்டு நாள் பார்த்த பிறகு மற்றவற்றுக்குத் தெளிப்பது பாதுகாப்பானது.

மழைக்காலத்தில் நத்தைகள் தரைமூடிக்குள் ஒளிந்துகொண்டு இரவில் இலைகளைத் துளைக்கும். டார்ச் விளக்கோடு சென்று பொறுக்கி எடுப்பதைவிடச் சிறந்த வழி இல்லை. தண்டழுகல் கண்ட இடத்தில் மருந்து தேடாமல், கருத்த பகுதிக்கு இரண்டு கணு மேலே நல்ல தண்டை வெட்டி எடுத்து உலர வைத்துப் புதிதாக நட்டுவிட்டு, அழுகிய பகுதியையும் அதைச் சுற்றிய மண்ணையும் அகற்றுங்கள்.

கையாளும்போதும் கழிக்கும்போதும்

தண்டின் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பையும் சிவப்பையும் உண்டாக்கும். ஆழ்ந்த கவாத்து செய்யும் நாளில் கையுறை அணிந்து, முடிந்ததும் முழங்கை வரை கழுவிக்கொள்ளுங்கள். நாயும் பூனையும் இச்செடிமேல் படுத்துப் புரண்டால் அவற்றின் வயிற்றுப் பகுதித் தோலில் தடிப்பு வரக்கூடும். கடித்துத் தின்றால் வாயும் வயிறும் எரிச்சலுறலாம். வீட்டில் செல்லப் பிராணி இருந்தால் தரைமூடியைத் தவிர்த்துத் தொங்கு தொட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெட்டிய தண்டுகளை என்ன செய்வது என்பதில் பலரும் கவனக்குறைவாக இருக்கிறார்கள். ஒரு கணுவும் சிறிது ஈரமும் இருந்தால் போதும் என்பதால், ஓடைக்கரையிலோ ஏரியின் ஓரத்திலோ காட்டு விளிம்பிலோ கொட்டிய குப்பை அங்கேயே வேர்விட்டுப் படர்ந்துவிடும். இதன் உறவான டிரேடஸ்காந்தியா ஃப்ளுமினென்சிஸ் தோட்டங்களிலிருந்து தப்பி நியூசிலாந்தின் காடுகளில் தரையை மூடி, மரக்கன்றுகள் முளைக்க இடமில்லாமல் செய்திருக்கிறது. பசுமையாகவே மட்குக் குழியில் போட்டாலும் குழியின் மேற்பரப்பில் செடி எழும்பும். ஆகவே கழிவுத் தண்டுகளைக் கறுப்பு நிறப் பாலித்தீன் பையில் கட்டி மொட்டைமாடி வெயிலில் மூன்று நான்கு வாரங்கள் வைத்திருந்து, முற்றிலும் வெந்து குழைந்த பிறகு மட்குக் குழியில் சேர்த்துவிடுங்கள்.